முப்பதாவது இடம்

என் மனைவி மேனுகா என்னைவிட நல்ல டாக்டர். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நடந்தது புரிய வேண்டுமென்றால் இது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் நேபாளத்தில் தரான் மருத்துவக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தோம். அவள் போஜ்பூர் மலைப்பகுதியைச் சேர்ந்த ராய் இனத்துப் பெண். நான் ஜாபா சமவெளியில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன், பெயர் கேதார் தகால். எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றேன். அவள் முதல் முறையிலேயே தேறினாள். காட்மாண்டுவில் இடமும் கிடைத்தது.

"இங்க எனக்கு எதுவும் நடக்காது மேனுகா. அமெரிக்கா போயிடலாம். ரெண்டு பேரும் சேர்ந்தே படிக்கலாம்" என்றேன்.

"நான் இங்கயே சேர்ந்துட்டா?"

"நீ இங்க, நான் அங்கன்னா அது என்ன குடும்பம்?"

அவள் அந்த இடத்தை விட்டுவிட்டு என்னோடு வந்தாள். டெட்ராய்ட்டில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருவருக்கும் ரெசிடென்சி கிடைத்தது. மூன்று வருடப் பயிற்சி. இரண்டாம் வருடத்தில் யுனிகா பிறந்தாள். மேனுகாவுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மேலே படிக்க ஆசை. அதற்கு விண்ணப்பிக்க வேண்டிய மாதங்களில் அவள் கைக்குழந்தையோடு இருந்தாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று நான்தான் சொன்னேன்.

எங்கள் விசாவில் ஒரு நிபந்தனை உண்டு. பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் இங்கே வேலைக்கோ கிரீன் கார்டுக்கோ வாய் திறக்க முடியும். திரும்பாமல் இருக்க ஒரு வழி இருந்தது. டாக்டர் கிடைக்காத ஊர் ஒன்றில் மூன்று வருடம் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் அந்த நிபந்தனையைத் தள்ளுபடி செய்வார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு முப்பது பேர். எங்களைப் போலப் பயிற்சி முடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், எல்லாருக்கும் அந்த முப்பதுதான் பேச்சு, கனவு, வயிற்று வலி எல்லாமே.

கான்சாஸின் மேற்குக் கோடியில் மெரிடித் என்று ஒரு ஊர். மூவாயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். அங்கிருந்த மருத்துவமனைக்கு இரண்டு டாக்டர்கள் தேவைப்பட்டார்கள். நேர்காணலுக்காக இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமைத் தாள், நடுவில் தானியக் கிடங்கு ஒன்று, காற்று.

"மலைன்னு ஒண்ணு பேருக்காவது இருக்கா இந்த ஊர்ல?" என்று மேனுகா கேட்டாள்.

"அந்தக் கிடங்கு இருக்கே."

"அதுல ஏறி நின்னா நேபாளம் தெரியும்போல" என்று சிரித்தாள்.

மருத்துவமனையை நிர்வகித்தவள் டார்லீன். அறுபது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். யுனிகாவை மடியில் வைத்துக்கொண்டேதான் எங்களை நேர்காணல் செய்தாள். ஊரே எங்களுக்குப் பிடித்துப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் டார்லீனைப் பிடித்திருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டோம். விண்ணப்பங்கள் மாநில அலுவலகத்துக்குப் போயின.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணி. எனக்கு அன்று விடுப்பு. யுனிகா தூங்கிக்கொண்டிருந்தாள். மேனுகா மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். டார்லீன் போன் செய்தாள்.

"கேதார், கொஞ்சம் உக்காந்துக்கோ கண்ணு. மாநில ஆபீஸ்ல இருந்து இப்பத்தான் பேசினாங்க. இருபத்தொம்பது இடம் போயிடுச்சாம். ஒண்ணுதான் பாக்கி. உங்க ரெண்டு பேருல ஒருத்தர் பேரைச் சொல்லுன்றாங்க. இன்னைக்கு நாலு மணிக்குள்ள."

"இன்னைக்கேவா?"

"நமக்குப் பின்னால வேற ஆஸ்பத்திரி வரிசையில நிக்குதாம். இங்க பாரு, மறைக்காம சொல்லிடறேன். எங்க டாக்டருங்க மேனுகாவைத்தான் கேக்கறாங்க. ஐ.சி.யு. வேலை தெரிஞ்சவன்னு. ஆனா இது உங்க வீட்டு விஷயம். நான் யாரு அதுல தலையிட? நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு பேரைச் சொல்லுங்க. நான் கேள்வி கேக்காம எழுதிக்கறேன்."

போனை வைத்ததும் மேனுகாவின் எண்ணை அழுத்தினேன். மூன்று முறை மணி அடித்தது. நான்காவது அடிக்கும் முன் நானே துண்டித்தேன்.

அவள் வேலையில் இருக்கிறாள், எடுக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது காரணம் இல்லை. எடுத்துவிடுவாளோ என்றுதான் துண்டித்தேன். சமையலறையில் நின்று இருபது நிமிடம் யோசித்தேன். மேனுகா எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாள். நான் ஊருக்குத் திரும்பினால் என்ன ஆவேன்? இரண்டு முறை தோற்றவன் மூன்றாவது முறையாகவும் தோற்றுத் திரும்பி வந்திருக்கிறான் என்பார்கள். என் அப்பாவின் முகம் கண்முன் வந்தது. வந்த நினைப்புகள் எல்லாமே என்னைப் பற்றியதுதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று மணிக்கு டார்லீனைக் கூப்பிட்டேன்.

"நாங்க பேசிட்டோம். என் பேரையே போடச் சொல்லிட்டா மேனுகா."

"அவளா சொன்னா?"

"ஆமா. குழந்தையை வச்சுக்கிட்டு அவளுக்கும் ஊர்ல கொஞ்ச நாள் இருக்கணும்போல இருக்காம்."

"பெரிய மனசுடா அந்தப் பொண்ணுக்கு" என்றாள் டார்லீன்.

மேனுகா மாலையில் வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் குழந்தையைத் தூக்கினாள். மாநிலத்தில் ஒரு இடம்தான் மிச்சமாம், என்னை எடுத்துக்கொண்டார்களாம் என்றேன்.

"யாரு எடுத்தா?"

"அவங்கதான். ஆஸ்பத்திரியும் மாநிலமும்."

"எதை வச்சு?"

"தெரியல மேனுகா. கேட்டேன். சொல்லல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, உனக்காவது கிடைச்சுதே. நல்லதுதான்" என்றாள். குளியலறைக்குள் போய் வெகுநேரம் கழித்து வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அன்று இரவுச் சாப்பாட்டை அவள்தான் சமைத்தாள்.

அடுத்த நான்கு மாதமும் அவள் மற்ற மாநிலங்களுக்கு எழுதினாள். மொத்தம் பத்தொன்பது மருத்துவமனைகள். பல இடங்களில் முப்பதும் நிரம்பியிருந்தது. ஒரு மருத்துவமனை நேர்காணல் வரை வந்து, ஏற்கெனவே இருந்த டாக்டர் ஓய்வுபெறும் முடிவை மாற்றிக்கொண்டார் என்று கைவிரித்தது. ஒவ்வொரு கடிதம் வரும்போதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் தடவினேன். அப்படித் தடவியதற்காகத்தான் இப்போது எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

ஜூன் கடைசியில் அவளையும் யுனிகாவையும் விமானம் ஏற்றினேன். சோதனை வாசலில் நின்ற அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டிவிட்டு, "பாப்பா எங்க ஊர்ப் பொண்ணா?" என்று சிரித்தார். "ஆமா, நான்தான் விருந்தாளி" என்றாள் மேனுகா. என்னிடம் திரும்பி, "ரெண்டு வருஷம். எழுநூத்து முப்பது நாள். கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். ஒழுங்கா சாப்பிடு" என்றாள்.

மெரிடித்தில் எனக்கு வேலை சரியாக இருந்தது. இருபத்தைந்து படுக்கை. மாட்டுப் பண்ணையில் கை நசுங்கியவர்கள், இதயம் வீங்கிய கிழவர்கள், சர்க்கரை நோய் என்றால் நம்பாத விவசாயிகள். ஊர்க்காரர்கள் என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். வாசலில் தக்காளிப் பையை வைத்துவிட்டுப் போவார்கள். நான் அதை வாங்கிக்கொள்ளும்போதெல்லாம் இது வேறு ஒருத்திக்கு வந்திருக்க வேண்டியது என்று தோன்றும். தோன்றிய மறுகணமே வேலைக்கு ஓடிவிடுவேன்.

ஊருக்கு ஒரு நடை போய்வரலாம் என்றால் என் விசா வக்கீல் வேண்டாம் என்றார். வெளியே போனால் விசா முத்திரையைப் புதிதாக வாங்க வேண்டும். அது வாரக்கணக்கில் இழுக்கலாம், மாதக்கணக்கிலும் இழுக்கலாம். மூன்று வருடக் கணக்கு இடையில் அறுந்தால் தள்ளுபடியும் போய்விடும். அதனால் நான் போகவில்லை. ஞாயிறுகளில் வீடியோவில் பேசினோம்.

மேனுகா முதலில் தரானில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். நான்கு மாதத்தில் அதை விட்டுவிட்டுத் தன் மாவட்டத்துக்கே, போஜ்பூர் அரசு மருத்துவமனைக்குப் போனாள். அங்கே பல வருடங்களாகப் பொது மருத்துவர் யாரும் நிலையாக இருந்ததில்லை. அவளுடைய அக்கா வீடு பக்கத்திலேயே இருந்தது. யுனிகாவை அக்கா பார்த்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்ன ஆச்சு?"

"பூச்சி மருந்து குடிச்ச பொண்ணு. பத்தொம்பது வயசு. விஷத்தை முறிக்கற அட்ரோபின் தீந்துபோச்சு. கடைத்தெருவுல மூணு மருந்துக்கடையையும் தட்டி எழுப்பி இருந்ததெல்லாம் வாங்கிட்டேன். வென்டிலேட்டர் இல்ல. நாங்க ஆறு பேரு மாத்தி மாத்தி கையால மூச்சுப் பையை அமுக்கிட்டே இருந்தோம். பதினாலு மணி நேரம்."

"பொழச்சாளா?"

"இல்ல."

"இன்னும் பதினோரு மாசம்தான் மேனுகா" என்றேன்.

"என்ன பதினோரு மாசம்?" என்று கேட்டாள். பிறகு, "ஓ, அதுவா" என்றாள். முன்பெல்லாம் அழைப்பை எடுத்தவுடன் மிச்சமிருக்கும் நாட்களை அவள்தான் முதலில் சொல்வாள். எப்போது அதை நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

இரண்டு வருடம் முடிந்தது. என் மனைவி என்ற முறையில் வருவதற்கான விசாவுக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலில் எல்லாம் நன்றாகப் போயிற்று என்றாள். ஆனால் கூடுதல் பரிசீலனை என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் ஒரு பதிலும் இல்லை. பிறகு ஒருநாள் காரணம் எதுவும் சொல்லாமலே விசா வந்தது.

டிசம்பர் முதல் வாரம், டென்வர் விமான நிலையத்தில் அவர்களைக் கூட்டிவரப் போனேன். யுனிகாவுக்கு மூன்றரை வயது தாண்டியிருந்தது. அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். போனில் பார்த்த முகம் என்பதால் பயப்படவில்லை. ஆனாலும் என்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டாள். அம்மாவை "நீ" என்பாள். வீட்டுக்கு வரும் பெரியவர்களிடம் பேசுவதுபோல என்னிடம் பேசினாள்.

"வேலையை ராஜினாமா பண்ணிட்டியா?" என்று காரில் கேட்டேன்.

"இல்ல. சம்பளமில்லா லீவு மூணு மாசம் போட்டிருக்கேன்."

"மூணு மாசமா?"

"பாப்போம் கேதார். முதல்ல வந்து சேர்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் கிறிஸ்துமஸ் விருந்து. ஊர் முழுக்க ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவார்கள். மேனுகா தக்காளியைச் சுட்டு திமுர் மிளகு போட்டு ஒரு கிண்ணம் துவையல் செய்தாள். அதைத் தொட்டு நாக்கில் வைத்த ஒரு பண்ணைக்காரர், "டாக்டர், நாக்குல கரண்ட் அடிக்குதே, இது சட்டப்படி செல்லுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மேனுகாவும் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டரை வருடமாக நான் எதற்காகக் காத்திருந்தேனோ அது அந்த நிமிடம் என் எதிரில் இருந்தது.

அப்போதுதான் டார்லீன் வந்தாள். மேனுகாவை இறுக்கக் கட்டிக்கொண்டாள்.

"உன்னைப் பாக்கணும்னு எத்தனை நாள் நினைச்சேன் தெரியுமா கண்ணு? நாங்க உன்னைத்தான் கேட்டோம். எங்க டாக்டருங்க எல்லாம் உன் பேரைத்தான் சொன்னாங்க. அன்னைக்கு இவன் போன்ல, 'என் பேரையே போடச் சொல்லிட்டா மேனுகா'ன்னு சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. எந்தப் பொண்ணு இப்படி விட்டுக்கொடுப்பா, சொல்லு?"

என் கையில் தட்டு இருந்தது. மேனுகா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டார்லீனின் கையைப் பிடித்தபடியே, "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள்.

அதற்குப் பிறகும் அரைமணி நேரம் அங்கே இருந்தோம். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று மற்ற பெண்களோடு தட்டுகளைத் துடைத்துக் கொடுத்தாள். கிளம்பும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள்.

காரில் யுனிகா பின்னிருக்கையில் தூங்கிவிட்டாள். ஊரைத் தாண்டி வயல்வெளிக்குள் வந்ததும், "வண்டியை நிறுத்து" என்றாள் மேனுகா. நிறுத்தினேன். இறங்கினாள். நானும் இறங்கினேன். வெயில் இருந்தது, குளிர்காற்று முகத்தில் அறைந்தது.

"எத்தனை மணிக்குக் கூப்பிட்டா அவ?"

"ரெண்டரை."

"நீ எத்தனை மணிக்குத் திருப்பிச் சொன்ன?"

"மூணு."

"அன்னைக்கு என் போன்ல உன் மிஸ்டு கால் ஒண்ணு இருந்துச்சு. நான் வெளியில வந்து பாத்தேன். குழந்தைக்கு ஏதோன்னு பயந்து திருப்பி அடிச்சேன். நீ எடுத்து, 'ஒண்ணுமில்ல, தெரியாம கைபட்டுடுச்சு'ன்ன."

அதை நான் மறந்தே போயிருந்தேன். அவள் சொன்னதும் நினைவு வந்தது. மூன்றேகால் மணிக்கு அவள் கூப்பிட்டிருந்தாள். அப்போதுகூட நாலு மணி ஆகியிருக்கவில்லை.

"மேனுகா, நான் அன்னைக்கு பயந்துட்டேன். உன்கிட்ட கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா நான் விட்டுக்கொடுத்திருப்பேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கியா? மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். எனக்கு வேணும்னு சொல்லியிருப்பேன். ஒரு தடவை உனக்காக விட்டுட்டேன், இது என்னோடதுன்னு சொல்லியிருப்பேன். ஜெயிச்சும் இருப்பேன். அது உனக்குத் தெரியும். அதனாலதான் நீ கேக்கல."

அவள் சொன்னதில் மறுப்பதற்கு எதுவும் இல்லை.

"பத்தொம்பது ஆஸ்பத்திரிக்கு எழுதினேனே. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல உக்காந்திருந்தியே. எப்படி முடிஞ்சுது உன்னால?"

காற்று பலமாக இருந்ததால் அவள் அழுதாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. காரில் ஏறினாள். வீட்டுக்கு வந்தோம்.

பிறகு பத்தொன்பது நாள் இருந்தாள். கோபமாகப் பேசவில்லை. சமைத்தாள், யுனிகாவைப் பனியில் விளையாட விட்டாள், என் சட்டைகளுக்குப் பட்டன் தைத்தாள். அறையை மட்டும் மாற்றிக்கொண்டாள். ஒரு காலை நான் வார்டிலிருந்து வந்தபோது மேசைமேல் இரண்டு டிக்கெட் இருந்தது.

"உன் விசா கையில இருக்கு. அவசரப்பட்டு முடிவு பண்ணாத" என்றேன்.

"என் விசா இல்ல கேதார். உன் விசா. அதுக்குக் கீழ என் பேரு தொங்குது."

விமான நிலையத்தில் யுனிகா, "போயிட்டு வரேங்க" என்று எனக்குக் கும்பிடு போட்டாள்.

அடுத்த கோடையில் என் மூன்று வருடம் முடிந்தது. கிரீன் கார்டு விண்ணப்பத்துக்காக வக்கீல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மனைவியின் மருத்துவப் பரிசோதனை எப்போது, கைரேகைக்கு எப்போது வருவார் என்று கேட்டிருந்தார்கள். தனியாகத்தான் விண்ணப்பிக்கிறேன் என்று எழுதினேன். மனைவியும் பிறகு வந்து சேர்ந்துகொள்ள வழி உண்டு, கதவு மூடவில்லை என்று பதில் எழுதினார்கள். அந்த வரியைப் படமெடுத்து மேனுகாவுக்கு அனுப்பினேன். பார்த்தாள் என்று காட்டியது. பதில் வரவில்லை.

பத்து மாதம் கழித்து ஒரு சாதாரணக் காகித உறையில் கார்டு வந்தது. டார்லீன் ஆஸ்பத்திரியில் கேக் வெட்டினாள். "மேனுகா எப்ப வர்றா?" என்று கேட்டாள். சீக்கிரம் என்றேன்.

அந்த அக்டோபரில், ஏழு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போனேன். ஜாபாவில் அப்பா அம்மாவோடு நான்கு நாள் இருந்துவிட்டு, தரானிலிருந்து ஜீப் ஏறினேன். போஜ்பூர் போய்ச் சேர எட்டு மணி நேரம் ஆயிற்று. அக்கா வீட்டில் தீதோக் களியும் புளித்த சோயாவில் செய்த கினிமாக் குழம்பும் வைத்தார்கள். கினிமாவின் வாடை எனக்குப் பிடிக்காது என்று யுனிகாவுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று ஆறுதல் சொன்னாள். அவளுக்கு ஐந்தரை வயது. ராய்களின் மொழியும் நேபாளியும் கலந்து கடகடவென்று பேசினாள். பாதி எனக்குப் புரியவில்லை.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். வெளியே எண்பது பேர் வரிசையில் நின்றார்கள். மேனுகா ஒரு சின்ன அறையில் மேசைக்குப் பின்னால் இருந்தாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது.

"நானும் கொஞ்சம் பாக்கட்டுமா? ஒரு நாற்காலி போடு" என்றேன்.

"மெடிக்கல் கவுன்சில்ல பதிவைப் புதுப்பிச்சியா?"

புதுப்பிக்கவில்லை. அது காலாவதியாகி வருடங்கள் ஆகியிருந்தன. கான்சாஸில் யாரையும் தொட்டுப் பார்க்கலாம், என் நாட்டில் முடியாது. "அப்ப வெளியில உக்காரு" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. விதி அதுதான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு கிழவர் என் உடையைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே உறையை நீட்டினார். வெளிச்சத்தில் பிடித்தேன். வலது நுரையீரலின் மேல்பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. காசநோய், முற்றியது. "உள்ள டாக்டரம்மாகிட்ட காட்டுங்க ஐயா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

மாலையில் அவள் அறையைப் பூட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் சந்தைப் பக்கம் நடந்தோம்.

"மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்" என்றேன்.

"தெரியும்."

"நீ இங்க நிம்மதியா இருக்கியா?"

நின்றாள். "அப்படி நினைச்சுக்கிட்டா உனக்கு ஈஸியா இருக்கும், இல்ல? மேனுகா ஊருக்குப் போனா, ஜனங்களுக்கு உதவினா, எல்லாம் நல்லதுக்குத்தான்னு. ஒவ்வொரு மழைக்காலத்துலயும் ரோடு அடைஞ்சு போகும் கேதார். காப்பாத்தத் தெரியும், கையில ஒண்ணும் இருக்காது. பாத்துக்கிட்டே நிப்பேன். டெட்ராய்ட்ல நான் கத்துக்கிட்டது எல்லாம் மறந்துகிட்டே வருது. எந்த மெஷினை எப்படி வைக்கறதுன்னு யோசிச்சுப் பாத்தா நினைவுக்கு வர்றதில்ல. எனக்கு அந்த வேலை வேணும்னு எவ்வளவு ஆசையா இருந்துச்சு."

"அப்ப வா. இப்ப எல்லாம் சுலபம். ஒரு மனு போட்டா போதும்."

"உன் பொண்டாட்டின்னுதான வரணும்?"

"ஆமா. அதுல என்ன..."

"அதுதான் முடியல" என்றாள். "நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். முடியல."

சந்தை கலைந்துகொண்டிருந்தது. யுனிகாவுக்கு ஒரு கட்டு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும் என்று கடைக்குள் போனாள். நான் வெளியே நின்றேன்.

ஒன்பது நாள் இருந்தேன். நாங்கள் விவாகரத்தைப் பற்றிப் பேசவில்லை. சேர்ந்து வாழ்வதைப் பற்றியும் பேசவில்லை. யுனிகா என்னோடு பழகிவிட்டாள். பள்ளிக்கு என் விரலைப் பிடித்துக்கொண்டு போனாள். கடைசி நாளுக்கு முதல்நாள் தவறிப்போய் என்னை ஒரு முறை "நீ" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கிளம்பிய காலை மேனுகா வார்டில் இருந்தாள். பிரசவத்தில் வலிப்பு வந்த பெண் ஒருத்தியை முந்தின நாள் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வர முடியாது என்று ஆள் அனுப்பினாள். அக்கா என் பையில் உலர்ந்த குந்துருக் கீரைப் பொட்டலம் ஒன்றை வைத்தாள். ஜீப் நிறைய ஆட்கள். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஏலக்காய் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நடுவயதுக்காரர். ஊர் மறைந்து மூன்று திருப்பம் தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார்.

"சாருக்கு எந்த ஊரு? என்ன வேலை?"

"டாக்டர்."

"அடேயப்பா. எங்க?"

"அமெரிக்காவுல."

அவர் மூட்டையைச் சரிசெய்துகொண்டார். "அங்க டாக்டருங்க இல்லையா சார்?"

"நான் இருக்கற ஊர்ல இல்ல."

"அப்படியா" என்றார். பாவம் என்பதுபோல உச்சுக்கொட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கைப் பார்க்கத் தொடங்கினார்.